பள்ளியிலிருந்து வரும் தாள்

திங்கள்தோறும் முதல் வெள்ளிக்கிழமை மாலையில் என் மகள் தன் பள்ளிப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து என் அன்னையாரின் கையில் கொடுப்பாள். என்னிடம் கொடுப்பதில்லை. தாளை முதலில் பெறும் உரிமை வீட்டில் மூத்தவர்க்கே உரியது என்பது தலைமையாசிரியை அம்மையார் குழந்தைகளுக்கு இட்டிருக்கும் கட்டளை. என் அன்னையார்க்கு எழுத்துப் பழக்கம் இல்லை. ஆயினும் அதனை இரு கைகளாலும் வாங்கி, விரித்து, மேலும் கீழும் ஒரு முறை நோக்கிவிட்டு, "படி, தாயி" என்று பேத்தியிடமே திருப்பிக் கொடுப்பார். அடுப்பங்கரையில் என் மனைவியின் கை சற்று ஓயும். குழந்தை உரத்த குரலில் படிப்பாள். மும்பையில் ஓர் அறையும் ஒரு தாழ்வாரமுமாக உள்ள எங்கள் வீட்டில் அந்தக் கால் மணி நேரம் பள்ளிக்கூடமே வந்து அமர்ந்துவிட்டது போல் இருக்கும்.

நம் சங்க இதழுக்குக் கல்வி பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று இதழாசிரியர் கேட்டபோது நான் தயங்கினேன். புகைவண்டி நிலையத்துப் பார்சல் ஆபீசில் எழுத்தனாக இருப்பவன் நான். பத்தாம் வகுப்புக்கு மேல் படித்தவனல்லேன். கல்வித் தத்துவம் பேசுவதற்கு நம் சங்கத்திலேயே பட்டதாரிகள் பலர் இருக்கின்றனர். ஆனால் இந்தத் தாளைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியும். இதனால் எனக்கு நேர்ந்த ஒரு தலைகுனிவையும் சொல்லியாக வேண்டும்.

மும்பை மாநகராட்சிப் பள்ளிகள் எட்டு மொழிகளில் நடைபெறுகின்றன என்பதும், தமிழ் அவற்றுள் ஒன்று என்பதும் இங்கு வாழும் அன்பர்கள் அறிந்ததே. வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். தோல் பதனிடும் தொழிலுக்கும் ஆலை வேலைக்கும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து நம்மவர் இந்நகருக்கு வரத் தொடங்கி நூறாண்டுக்கு மேலாகிறது. அவர்தம் பிள்ளைகளுக்கென ஏற்பட்ட தமிழ்த் தொடக்கப் பள்ளிகளுள் ஒன்றில்தான் என் மகள் படிக்கிறாள். ஒன்று முதல் ஐந்து வரை வகுப்புகள். பள்ளியின் பெயரையும் அம்மையார் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. பெயர் அச்சில் வருவதை அவர் விரும்பமாட்டார்.

தாள் ஒரு பக்கந்தான். உருண்டையான கையெழுத்தில் அம்மையாரே எழுதி, நகல் எடுத்து அனுப்புவார். "அன்புடைய வீட்டார்க்கு" என்று தொடங்கும். பள்ளிக்கு எந்தப் பிரமுகர் வந்தார், யாருக்கு மாலை போட்டார்கள் என்பதெல்லாம் அதில் இராது. இத்தனை நாள் பள்ளி நடந்தது, இத்தனை பேர் ஒரு நாளும் தவறாமல் வந்தனர், இன்ன வகுப்பில் இன்ன பாடம் முடிந்தது, இன்ன பாடம் முடியவில்லை, ஏன் முடியவில்லை என்று இருக்கும். எங்கள் பார்சல் ஆபீசில் வந்தது எத்தனை, குறைந்தது எத்தனை, நனைந்தது எத்தனை என்று கணக்கு எழுதுவோமே, ஏறத்தாழ அது போலத்தான். அதனாலேயே எனக்கு அது தொடக்கத்திலிருந்து பிடித்துப் போயிற்று.

இக்காலத்தில் எல்லார் கையிலும் தொலைபேசி இருக்கையில் தாள் எதற்கு என்று ஒரு கூட்டத்தில் நானே எழுந்து கேட்டதுண்டு. வாட்ஸப்பில் அனுப்பினால் நொடியில் போய்ச் சேருமே, நகல் செலவும் மிச்சமாகுமே என்றேன். அம்மையார் சிரித்துக்கொண்டு, "தொலைபேசி உங்களோடு வேலைக்குப் போய்விடுகிறது, தம்பி. குழந்தையோடு வீட்டில் இருப்பவர்கள் அதை எப்படிப் பார்ப்பார்கள்?" என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. ஷிப்டு முடிந்து நான் வீடு திரும்பும்போது பல நாள் குழந்தை உறங்கிவிட்டிருப்பாள். பள்ளிச் செய்தி அதுவரை என் சட்டைப் பையில் இருந்து என்ன பயன்?

2024 ஜூலைத் திங்களின் தாளை அன்பர்கள் பார்த்திருக்க வேண்டும். அந்த 8ஆம் நாள் நகரின் சில இடங்களில் ஆறு மணி நேரத்திற்குள் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தண்டவாளங்கள் நீரில் மூழ்கின. லோக்கல் வண்டிகள் நின்றன. இரவு வேலைக்குச் சென்ற நான் மறுநாள் பிற்பகலில்தான் முழங்கால் நீரில் நடந்து வீடு சேர்ந்தேன். பள்ளிகளுக்கு விடுமுறை விட்டனர். அடுத்து வந்த தாளில் அம்மையார் அந்த நாளை மறக்காமல் கணக்கில் வைத்திருந்தார். கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி ஐந்தாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளுக்கு ஆண்டில் 200 நாள் பள்ளி நடந்தாக வேண்டும். மழையில் போன நாளைப் பின்னர் ஈடு செய்வோம் என்று எழுதி, கீழே இன்னொரு வரி சேர்த்திருந்தார். நனைந்த காலணியைக் குழந்தைகள் வகுப்பில் நாள் முழுதும் அணிந்திருப்பதால் காலில் புண் உண்டாகிறது. வீட்டில் பழைய துணி இருந்தால் ஒரு துண்டு கொடுத்து அனுப்புங்கள், இங்கே துடைத்துக் கொள்ளட்டும் என்பது அவ்வரி. மறுநாள் பள்ளி வாயிலில் ஒரு மூட்டைப் பழந்துணி சேர்ந்துவிட்டதாம்.

பள்ளி நடக்கும் முறையைப் பற்றி நமக்கு உள்ள அறிவு பெரும்பாலும் நாம் படித்த காலத்து அறிவே. ஒரு வகுப்புக்கு ஓர் அறை, ஓர் ஆசிரியர் என்று நான் எண்ணியிருந்தேன். என் மகளோ, முதல் வகுப்பில் இருக்கும்போதே இரண்டாம் வகுப்புப் பாட்டையும் பாடுவாள். அறிவு மிகுதி என்று மகிழ்ந்து போனேன். உண்மையில் அவ்விரு வகுப்புகளும் ஒரே அறையில் நடந்தன. சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்; 61 முதல் 90 வரை மூவர். எங்கள் பள்ளி இந்த இரண்டாம் படியில் நிற்கிறது. மூன்று ஆசிரியர், ஐந்து வகுப்பு. எப்படிப் பங்கிட்டாலும் இரண்டு அறைகளில் இவ்விரண்டு வகுப்புகள் சேர்ந்தே அமரவேண்டும். இதைக் குறையாகச் சொல்லி அழாமல், அந்த அறையில் என்ன நடக்கிறது என்பதை அம்மையார் ஒரு தாளில் விளக்கியிருந்தார்.

ஆசிரியை இரண்டாம் வகுப்பினருக்குக் கணக்குக் கொடுத்துவிட்டு முதல் வகுப்பினர் நடுவே தரையில் அமர்ந்துகொள்வார். தமிழில் 247 எழுத்துகள் என்று கேட்டாலே குழந்தை மருண்டுவிடும். ஆகவே ப, ட, ம என்று கோடு எளிதாக அமைந்த எழுத்துகள் முதலில். இம்மூன்றும் புள்ளியும் கைக்கு வந்ததுமே படம், மடம், பட்டம், மட்டம் என்று சொற்கள் பிறந்துவிடுகின்றன. குழந்தைக்கு அன்றே தான் படித்துவிட்ட பெருமை. அதற்குள் இரண்டாம் வகுப்பில் ஒருவன் கணக்கை முடித்துவிட்டுத் தன் முன் இருக்கும் சிறுவனுக்கு 'ட' எழுதக் கை பிடித்துக் காட்டிக்கொண்டிருப்பான். மகாராட்டிர அரசு 2020இல் இயற்றிய சட்டப்படி எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாய பாடம். ஆங்கிலமும் முதல் வகுப்பிலேயே தொடங்குகிறது. ஆக ஆறு வயதுக் குழந்தை மூன்று எழுத்து முறைகளைச் சேர்ந்தாற்போல் பார்க்கிறது. தெருவில் பேசும் இந்தி இவற்றோடு சேரவில்லை. அது எழுதாமலே வந்துவிடுகிறது. நம் பிள்ளைகள் மூளைக்கு இது சுமை என்பார் உளர். நான் அப்படி நினைப்பதில்லை. எங்கள் நிலையத்துச் சுமை தூக்குவோர் ஐந்து மொழியில் பேரம் பேசுகிறார்கள்.

சுமையன்று, கலப்புத்தான் சிக்கல். ஒரு தாளில் அம்மையார் வேடிக்கையாக எழுதியிருந்தார்: இவ்வாரம் வகுப்பில் 'ஜாடு' என்று சொன்ன குழந்தைகள் பலர், அதற்குத் தமிழ் என்னவென்று கேட்டால் விழிக்கின்றனர், வீட்டுப் பெரியோர் தம் ஊர்ச் சொல்லைக் குழந்தையிடம் சொல்லி அனுப்புக என்று. வீடுகளில் அன்று மாலை பெரிய ஆராய்ச்சி. என் அன்னையார், "வாரியல்தான், வேறென்ன?" என்றார். சென்னைப் பக்கத்து அண்டை வீட்டம்மாள் துடைப்பம் என்றார். மாடியில் குடியிருக்கும் சேலத்துக்காரர் சீமாறு என்று அடித்துச் சொன்னார். விளக்குமாறு என்றும் ஒரு கட்சி. அடுத்த திங்கள் தாளில் நான்கு சொல்லும், எவ்வூர்க் குழந்தை கொண்டு வந்தது என்ற விவரத்துடன் வெளியாயின. அச்சொற்களைத் தாளில் தொட்டுக் காட்டச் சொல்லி என் அன்னையார், 'வாரியல்' எங்கிருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்தார். தம் பேச்சு எழுத்தில் வந்ததை அவர் வாழ்நாளில் அன்றுதான் கண்டார்.

மதிய உணவைப் பற்றியும் தாளில் இடம் உண்டு. மாநகரப் பள்ளிகளில் குழந்தைகளுக்கு உணவளிக்கும் வழக்கம் 1920இல் சென்னை மாநகராட்சியில், தியாகராயர் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது. 1956இல் காமராசர் அதனை மாநிலம் தழுவச் செய்தார். 1995 ஆகஸ்டு 15 முதல் நாடு முழுமைக்கும் திட்டமாயிற்று. இதில் நமக்குக் கொஞ்சம் செருக்கு இருந்தால் தவறில்லை. இங்கே தொடக்கப் பள்ளிக் குழந்தை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 கிராம் தானியம். 450 கலோரி, 12 கிராம் புரதம் கிடைக்க வேண்டும் என்பது விதி. பரிமாறுவதற்கு முன் ஆசிரியர் ஒருவர் உள்ளிட்ட பெரியவர்கள் உண்டு பார்க்க வேண்டும் என்பதும் விதியே. அந்தப் பெரியவர்களுள் ஒருவராக வாரம் ஒரு வீட்டார் வருக என்று அம்மையார் முறை வைத்திருக்கிறார். என் மனைவியின் முறை வந்தபோது கிச்சடியில் உப்பு மிகுந்திருப்பதாகச் சொல்லிவிட்டாள். அடுத்த தாளில் அது அப்படியே வந்தது. எங்கள் பெயர் இல்லை. உப்பு மட்டும் இருந்தது. மறுவாரம் குறைந்துவிட்டது.

இவ்வளவும் இனிய செய்திகள். இனி மற்றதைச் சொல்கிறேன்.

ஆகஸ்டுத் தாளில் முதல் வகுப்பில் ஒன்பது குழந்தைகள் என்று எழுதியிருந்தது. அதன் கீழ் அம்மையார் பழைய வரலாறு ஒன்றை எடுத்துச் சொல்லியிருந்தார். 1949 ஆகஸ்டில் மாகாணக் கல்வி அமைச்சர்கள் கூடி ஒரு முடிவு செய்தனர்: மாநில மொழி வேறாகவும் குழந்தையின் தாய்மொழி வேறாகவும் இருக்குமிடத்தில், பள்ளி முழுவதிலும் 40 பேர் அல்லது ஒரு வகுப்பில் 10 பேர் இருப்பார்களாயின், அம்மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியரையேனும் அமர்த்த வேண்டும். பின்னர் 1956இல் அரசியலமைப்பில் 350-அ என்ற பிரிவு சேர்ந்தது. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறுவதற்குத் தக்க வசதியளிக்க முயல வேண்டும் என்று அது கூறுகிறது. 10 என்பது அரசியலமைப்பில் எழுதிய எண் அன்று; நாளைக்கே வகுப்பை மூடிவிடுவார்கள் என்று யாரும் அஞ்ச வேண்டாம் என்றும் அவர் தெளிவாகவே குறித்திருந்தார். ஆனால் ஒன்பது என்ற எண்ணைப் படித்ததும் எங்கள் தாழ்வாரத்தில் பேச்சு நின்றுவிட்டது.

ஏன் ஒன்பது? யாரைக் குறை சொல்வது? ஆசிரியர் இருக்கின்றனர், புத்தகம், சீருடை, பை எல்லாம் இலவசம், மதிய உணவு உண்டு. பிள்ளைகளைக் கொண்டுபோய் ஆங்கிலப் பள்ளியில் விட்டவர்கள் நாம்தாம். சங்க மேடையில் தமிழ் வாழ்க என்று முழங்கிவிட்டு, மறுநாள் காலையில் பிள்ளைக்குக் கழுத்துப் பட்டை கட்டி அனுப்புகிறோம். இதை நான் பிறரைக் குத்துவதற்காக எழுதவில்லை. அந்த ஆகஸ்டு மாலையில் தாளைக் கேட்டுக்கொண்டிருந்த என் சட்டைப் பையிலேயே ஓர் ஆங்கிலப் பள்ளியின் விண்ணப்பப் படிவம் மடித்து வைத்திருந்தது. அலுவலகத்து நண்பர் ஒருவர் வாங்கித் தந்தார். அடுத்த ஆண்டு மகளை அங்கே மாற்றிவிடுவது என்று மனைவியிடமும் சொல்லாமல் முடிவு செய்திருந்தேன்.

செப்டம்பர்த் தாள் வந்தது. என் மகள் வழக்கம் போல் ஆச்சியின் முன் நின்று படித்தாள். தங்கு தடையில்லாத குரல். நடுவில் ஒரு வரி: "மூன்றாம் வகுப்பில் பதினான்கு பேர் உள்ளனர். அவர்களில் ஆறு பேரால் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தாமாகப் படிக்க இயலவில்லை." அதையும் அதே குரலில் படித்துக் கடந்தாள். மூன்றாம் வகுப்பு அவளுடைய வகுப்பு. "யாரம்மா அந்த ஆறு பேர்?" என்று கேட்டேன். விடை இல்லை. ஏதோ உறுத்தியது. அருகில் சென்று, தாளின் நடுவில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, "இது என்ன?" என்றேன். குழந்தை என் முகத்தைப் பார்த்தாள். தாளைப் பார்க்கவில்லை. இன்னொரு சொல்லைத் தொட்டேன். அவள் தாளின் முதல் வரியிலிருந்து மீண்டும் சொல்லத் தொடங்கினாள். நான் தொட்ட சொல் வரும்வரை சொல்லிவந்து அங்கே நிறுத்தலாம் என்று பார்த்தாள் போலும். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் கடைசிவரை சொல்லி முடித்துவிட்டாள்.

வீட்டுக்கு அனுப்பும் முன் தாளை வகுப்பில் ஆசிரியை இரண்டு முறை உரக்கப் படித்துக் காட்டுவது வழக்கம். கேட்டதை அவள் அப்படியே மனத்தில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். இரண்டு ஆண்டாக நாங்கள் கேட்டு மகிழ்ந்ததெல்லாம் அதுவே. என் அன்னையார் மெல்ல, "எனக்கும் அப்படித்தானேடா தெரியும், அதுக்கென்ன?" என்று பேத்தியைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். எனக்குச் சினம் பொங்கியது. குழந்தையின் மேலா, பள்ளியின் மேலா, இரண்டு ஆண்டில் ஒரு நாளும் அவள் அருகில் அமர்ந்து புத்தகத்தைத் திறவாத என் மேலா என்று பிரித்தறியும் நிலையில் நான் இல்லை.

மறுநாள் இரவு வேலை முடிந்து, உறங்காமல், படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு நேரே பள்ளிக்குச் சென்றேன். அம்மையார் வாயிலில் நின்று குழந்தைகளை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். என் முகத்தைக் கண்டதும் புரிந்துகொண்டார் போலும்.

"உட்காருங்கள், தம்பி. குழந்தை உங்களை ஏமாற்றினாள் என்று எண்ணாதீர்கள். ஒரு பக்கத்தைச் சொல் பிசகாமல் மனத்தில் வைத்திருக்கிறாளே, அது எளிய ஆற்றலா? பிழை எங்களுடையது. அவள் குரலைக் கேட்டோம். கண் எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை."

"அதைத் தாளில் எழுதி வீடு வீடாக அனுப்ப வேண்டுமா, டீச்சர்?"

"பெயர் எழுதவில்லையே, தம்பி. எண்ணைத்தானே எழுதினேன். எண்ணை மறைத்துவிட்டால் நான் யாரிடம் போய் உதவி கேட்பேன்?"

படிவத்தை நான் வெளியே எடுக்கவில்லை. எடுக்காமற் போனதற்கு அவர் சொல் மட்டும் காரணமன்று. தமிழ் எழுத்தே பிடிபடாத குழந்தையை ஆங்கிலப் பள்ளியில் நான்காம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தால் அங்கும் அவள் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்வாள். பொருளும் விளங்காது என்பது அந்த நிமிடத்தில் எனக்கு உறைத்தது. ஆயினும் உண்மையைச் சொல்ல வேண்டுமானால், மனம் முழுதும் மாறிவிடவில்லை. படிவம் இன்னும் வீட்டுப் பெட்டியில்தான் கிடக்கிறது.

பிறகு பள்ளியில் நடந்ததை அக்டோபர்த் தாளிலிருந்து சொல்கிறேன். மூன்று முதல் ஐந்து வரையுள்ள குழந்தைகளை நாள்தோறும் ஒரு மணி நேரம் வகுப்பு வேறுபாடின்றிக் கலைத்து, எழுத்து மட்டும் அறிந்தோர், சொல் படிப்போர், வரி படிப்போர், கதை படிப்போர் என்று பிரித்து அமர்த்தினர். ஐந்தாம் வகுப்பு மாணவனும் மூன்றாம் வகுப்புச் சிறுமியும் ஒரே வட்டத்தில் இருப்பார்கள். இம்முறை வேறெங்கிருந்தோ வந்ததன்று. 1995இல் இதே மும்பையில் குடிசைப் பகுதிக் குழந்தைகளுக்காகத் தோன்றிய பிரதம் என்னும் நிறுவனம் வளர்த்தெடுத்துப் பல மாநிலங்களில் பரப்பிய முறை இது. அந்நிறுவனமே 2005 முதல் நாட்டின் கிராமப்புறக் குழந்தைகளின் படிப்பை வீடு வீடாகச் சென்று அளந்து வருகிறது. மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க வல்லவர் 2018இல் நூற்றுக்கு 27.3 பேர், பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்த பின்னர் 2022இல் 20.5 பேர், 2024இல் 27.1 பேர். இதனை அறிந்தபோது, எங்கள் வகுப்பில் பதினான்கில் எட்டுப் பேர் படிக்கிறார்களே என்று எனக்கு ஓர் அற்ப ஆறுதல் தோன்றியது. என் மகள் அந்த எட்டில் இல்லை என்பது நினைவுக்கு வந்ததும் ஆறுதல் போய்விட்டது.

வட்டத்தில் தாளை உரக்கப் படித்துக் காட்டும் வழக்கத்தை ஆசிரியைகள் நிறுத்திவிட்டனர். எழுத்தட்டைகளைக் கையில் கொடுத்துக் குழந்தையே சேர்த்துச் சொல்லாக்க வேண்டும். என் மகளுக்கு முதல் இரு வாரம் பெருந்துன்பம். காதால் வென்று வந்தவளுக்குக் கண்ணால் நடப்பது நொண்டுவது போலிருந்தது. வீட்டில் அழுதாள். பகல் வேலை உள்ள வாரங்களில் நான் எட்டு மணிக்கு அவளோடு அமர்ந்தேன். பழைய தாள்களையே எடுத்துக்கொண்டோம். ஆனால் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பது. அப்படிப் படித்தால் மனப்பாடம் உதவாது அல்லவா? இந்த உபாயம் என்னுடையதன்று, என் மனைவியுடையது. நானோ அதுவரை அவளைப் பள்ளிக் கூட்டத்துக்கு அனுப்பியதுகூட இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று சட்டமே கூறுவதை இந்தத் தாளில் படித்துத்தான் அறிந்தேன். இப்போது அவளும் அக்குழுவில் இருக்கிறாள். கூட்டத்தில் அவள் பேசிய செய்தியை வீட்டில் அவள் சொல்வதில்லை. தாளில் படித்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

எல்லாரும் பொறுத்திருந்தார்கள் என்று சொல்ல முடியாது. செப்டம்பர்த் தாள் எங்களுள் சிலர்க்குப் பெரும் வருத்தம் தந்தது. பள்ளியே தன் குறையைத் தெருவில் போட்டுக்கொள்வதா என்று கேட்டவர்கள் உண்டு. தீபாவளி விடுமுறைக்குப் பின் இரண்டு குடும்பத்தார் தம் பிள்ளைகளை மாற்றிக்கொண்டனர். அவர்களில் ஒருவர் பிள்ளை நன்றாகப் படிக்கும் எட்டுப் பேரில் ஒருவன். அம்மையார் அதையும் எழுதினார். மூன்றாம் வகுப்பில் இருவர் வேறு பள்ளிக்குச் சென்றனர். புதிய பள்ளியில் நன்கு பயில நம் வாழ்த்து. இனி பன்னிருவர் என்று இரண்டே வரி. அந்த வரிகளில் கசப்பு இருந்ததா என்று நான் பல முறை படித்துப் பார்த்தேன். தென்படவில்லை. எனக்கு அவ்வளவு பெருந்தன்மை வராது. அந்தச் சேலத்துக்காரரோடு இரண்டு திங்கள் நான் பேசவில்லை.

2025 ஏப்ரலில் ஆண்டின் கடைசித் தாள் வந்தது. ஆறு பேரில் நால்வர் பாடத்தைத் தாமே படிக்கின்றனர். இருவர் இன்னும் வரி படிக்கும் வட்டத்தில் உள்ளனர். கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்வோர் இவ்விருவரையும் வழியெல்லாம் பெயர்ப்பலகை படிக்கச் செய்க என்று எழுதியிருந்தது. என் மகள் அதை ஆச்சிக்குப் படித்துக் காட்டினாள். முன்பு ஒரு நிமிடத்தில் முடிந்த பக்கம் இப்போது கால் மணிக்கு மேலாயிற்று. ரகரத்துக்கும் றகரத்துக்கும் இடறினாள். 'பெயர்ப்பலகை' என்ற சொல்லில் நின்று, பின்னுக்குப் போய், எழுத்துக் கூட்டி, மீண்டும் வந்தாள். என் அன்னையாருக்குப் பொறுமை போய்விட்டது. "முன்னெல்லாம் மழை பெய்த மாதிரிப் படிப்பாளே, இப்ப என்ன இப்படித் திக்குது?" என்று என்னைக் கேட்டார். அவருக்கு விளக்கிச் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

தாளின் அடியில் கத்தரித்துக் கொடுக்கும்படி ஒரு சீட்டு இருந்தது. உங்கள் தெருவில் வரும் ஜூன் திங்களில் ஆறு வயது நிறையும் தமிழ்க் குழந்தை யாரேனும் உண்டா, வீட்டைச் சொன்னால் நாங்களே வந்து பார்க்கிறோம் என்று அதில் கேட்டிருந்தனர். எங்கள் வரிசையில் கடைசி வீட்டில் ஒரு பையன் இருக்கிறான். தந்தை மேம்பாலக் கட்டட வேலைக்கு விழுப்புரத்திலிருந்து புதிதாக வந்தவர்; எந்தப் பள்ளி என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்றார். என் மகள் அச்சீட்டில் வீட்டு எண்ணைத் தானே எழுதினாள். 'கடைசி வீடு' என்பதில் 'டை' எழுதத் தெரியாமல் என்னைக் கேட்டாள். சீட்டு இப்போது என் பையில் இருக்கிறது. திங்கட்கிழமை இரவு வேலை முடிந்து வரும் வழியில் பள்ளியில் கொடுக்க வேண்டும்.